வாதியில்லா வழக்கு: ஆய்வுகூட விலங்குகளும் பல்கலைக்கழக அறநெறிக் குழுவும்

நீதிமன்றங்களின் வரலாறு பெரும்பாலும் வாதிகளின் வரலாறாகவே இருந்து வந்துள்ளது. பாதிக்கப்பட்டவர் முறையிடுகிறார், எதிர்த் தரப்பு அழைக்கப்படுகிறது, சான்றுகள் பரிசீலிக்கப்பட்டுத் தீர்ப்பு வழங்கப்படுகிறது. முறையிட வாயில்லாத ஒரு படைப்பு துன்புறுத்தப்படும்போது இவ்வொழுங்கு முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. பாதையில் வதைக்கப்படும் மாட்டுக்காகப் பேச வழிப்போக்கர் ஒருவராவது இருப்பார். ஆய்வுகூடத்தின் மூடிய கதவுக்குள் வழிப்போக்கர் எவருமில்லை. அங்கே வலியைக் கொடுப்பவரும், அவ்வலி எவ்வளவு என்று மதிப்பிடுபவரும், அதனால் அறிவும் பெயரும் பெறுபவரும் ஒருவராகவே இருக்கின்றனர்.

இந்நிலைக்குத் தீர்வாக உருவானதே, விலங்குகளை ஆய்வில் பயன்படுத்துவதைக் கண்காணிக்கும் பல்கலைக்கழக அறநெறிக் குழு. இன்று உலகின் பெரும்பாலான மருத்துவ, அறிவியல் பீடங்களில் அது இயங்குகிறது. எனினும் அது எவ்வாறு தோன்றியது, யாருடைய இடையறாத வற்புறுத்தலால் வடிவம் பெற்றது என்பன நம்மில் பலர் அறியாத செய்திகள். அவ்வரலாற்றை நோக்கும்போது இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப எழுவதை நாம் காண்கிறோம். முறைப்பாடு வருவதற்கு முன்பே விசாரிக்கும் அதிகாரம் யாருக்கு? அவ்வாறு விசாரிப்பவர் அதே இல்லத்தைச் சேர்ந்தவராக இருக்கலாமா?

முஹ்தஸிபின் பார்வை

முதலாவது கேள்வி இஸ்லாமிய நாகரிகத்துக்குப் புதியதன்று. அன்ஸாரி ஒருவரின் தோட்டத்தில் நபி (ஸல்) அவர்களைக் கண்ட ஒட்டகம் ஒன்று கண்ணீர் வடித்து முனகியதையும், நபியவர்கள் அதனைத் தடவி அமைதிப்படுத்தி அதன் உரிமையாளரை விசாரித்ததையும், பசியோடு வைத்து ஓயாமல் வேலை வாங்குவதாக அது தம்மிடம் முறையிட்டதென்று அவரைக் கண்டித்ததையும் அபூதாவூதின் தொகுப்பு அறிவிக்கிறது. அங்கே விலங்கே வாதியாக நின்றது. அதன் முறைப்பாடு செவிமடுக்கப்பட்டது. அத்தகைய செவி பிற்காலத்தவருக்கு வாய்க்கவில்லை. ஆகவே அதன் இடத்தை நிரப்ப ஒரு நிறுவனம் தேவைப்பட்டது.

ஹிஸ்பா என்னும் கண்காணிப்பு முறை அத்தேவையின் ஒரு பகுதியை நிறைவேற்றியது. பக்தாதில் வாழ்ந்து ஹிஜ்ரி 450இல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தி (ரஹ்) தமது ‘அல்அஹ்காமுஸ் சுல்தானிய்யா’வில் காழிக்கும் முஹ்தஸிபுக்கும் இடையிலான வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். காழி, வழக்காளி வரும்வரை காத்திருக்க வேண்டியவர். முஹ்தஸிபோ, வழக்காளி எவரும் வராதபோதும் தம் பொறுப்பிலுள்ள விடயங்களைத் தேடிச் சென்று விசாரிக்கும் உரிமையுடையவர். சுமை விலங்குகளுக்குப் போதிய தீனி கொடுக்காமலும் அவற்றின் சக்திக்கு மீறி வேலை வாங்கியும் வருபவர்களைத் தடுப்பதை அவர் முஹ்தஸிபின் பணிகளில் ஒன்றாகவே குறிப்பிடுகிறார். முறையிட முடியாத படைப்புக்கு, முறைப்பாட்டை எதிர்பாராத அதிகாரி: இதுவே அவ்வேற்பாட்டின் உள்ளடக்கம்.

இரு நூற்றாண்டுகளின் பின் இமாம் இஸ்ஸுத்தீன் இப்னு அப்திஸ் ஸலாம் (ரஹ்) (மறைவு ஹி. 660 / கி.பி. 1262) ‘கவாஇதுல் அஹ்காம்’ எனும் நூலில் மனிதன் மீது விலங்குகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தினார். முதுமையாலோ நோயாலோ பயன்படாமற்போன விலங்குக்கும் உணவளித்தல், தாங்க முடியாத சுமையை ஏற்றாதிருத்தல், துன்புறுத்தும் பிற விலங்குகளோடு சேர்த்து அடைக்காதிருத்தல், அதன் குட்டியை அதன் கண்ணெதிரே அறுக்காதிருத்தல் முதலியன அவற்றுட் சில. இன்றைய ஆய்வுகூட வழிகாட்டிகளில் கூண்டமைப்பு பற்றியும் பராமரிப்பு பற்றியும் எழுதப்பட்டிருப்பவற்றை வாசிப்போருக்கு இப்பட்டியல் அந்நியமாகத் தோன்றாது.

பஸராவில் பத்தாம் நூற்றாண்டில் இயங்கிய இக்வானுஸ் ஸபா அறிஞர் குழாம் தமது நிருபங்களுள் ஒன்றில் விலங்குகளையே வாதிகளாக்கி, ஜின்களின் அரசன் முன்னிலையில் மனிதனுக்கெதிராக வழக்குத் தொடுக்கச் செய்தமையும் இங்கு நினைவுகூரத்தக்கது. கற்பனையில் மட்டுமே கிடைக்கக்கூடிய நீதிமன்றம் அது என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர்.

எனினும் ஒன்றை நாம் மிகைப்படுத்தலாகாது. இன்றைய பல்கலைக்கழகக் குழு ஹிஸ்பாவிலிருந்து பிறந்ததன்று. இரண்டுக்குமிடையே நேரடி வரலாற்றுத் தொடர்பு இல்லை. மேலும், முஸ்லிம் மருத்துவர்களும் விலங்குகளைச் சோதனைக்குப் பயன்படுத்தியே வந்தனர். அர்ராஸி குரங்கொன்றுக்குப் பாதரசம் கொடுத்து அதன் விளைவைக் கவனித்தார். அந்தலூஸின் இப்னு ஸுஹ்ர் (மறைவு கி.பி. 1162) மூச்சுக்குழாயைத் திறக்கும் சத்திரசிகிச்சை ஆபத்தற்றதா என அறிய அதனை ஓர் ஆட்டில் செய்து, காயம் ஆறுவதைக் கண்ட பின்னரே அதுபற்றி எழுதினார். ஆனால் அவை தனிப்பட்ட சில நிகழ்வுகள். விலங்குப் பரிசோதனை ஓர் ஒழுங்கமைந்த தொழிலாக வளர்ந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவிலேயாகும். எனவே குழுவின் வரலாற்றை அங்கிருந்தே தொடங்க வேண்டும்.

உரிமப் பத்திரமும் ஒரு பழுப்பு நிற நாயும்

விலங்குப் பரிசோதனையைச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்த முதல் நாடு பிரித்தானியா. 1875இல் அரச ஆணைக்குழு ஒன்று நியமிக்கப்பட்டு, மறு ஆண்டே விலங்கு வதைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டப்படி பரிசோதனை செய்வோர் உரிமம் பெற வேண்டும்; சிறப்புச் சான்றிதழ் இருந்தாலன்றி மயக்கமருந்து கொடுக்க வேண்டும்; அரசு நியமிக்கும் பரிசோதகர்கள் ஆய்வுகூடங்களைப் பார்வையிடுவர். முறைப்பாட்டுக்குக் காத்திராத கண்காணிப்பு என்ற கொள்கை இவ்வாறு ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனால் அதே சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது. உரிமம் பெற்றவர்மீது வழக்குத் தொடர உள்துறை அமைச்சரின் எழுத்துமூல இசைவு தேவை. கதவில் ஒரு சாளரம் திறக்கப்பட்டது. அதன் தாழ்ப்பாள் உள்ளேயே இருந்தது.

இதன் விளைவு 1903இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு பெப்ரவரியில் லண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ் மாணவர்முன் ஒரு பழுப்பு நிற நாயில் செயல்விளக்கம் நடத்தினார். அங்கிருந்த லிஸி லிண்ட் அஃப் ஹாகெபி, லீசா ஷார்ட்டாவ் என்னும் இரு சுவீடன் நாட்டுப் பெண்கள், நாய் போதிய மயக்கத்தில் இருக்கவில்லை என்றும், முன்னரே ஒரு பரிசோதனைக்குட்பட்ட வடு அதன் உடலில் இருந்ததென்றும் தமது குறிப்பேட்டில் பதிந்தனர். விலங்குப் பரிசோதனை எதிர்ப்புச் சங்கத்தின் ஸ்டீபன் கோல்ரிட்ஜ் சட்டப்படி வழக்குத் தொடரும் பாதை அடைபட்டிருந்தமையால் பொதுக்கூட்டமொன்றில் இக்குற்றச்சாட்டை வெளியிட்டார். பேலிஸ் அவதூறு வழக்குத் தொடுத்து நொவெம்பரில் வென்றார். அவருக்கு 2000 பவுண் இழப்பீடு கிடைத்தது. நாயின் வலி பற்றிய கேள்வி ஒரு மனிதரின் நற்பெயர் பற்றிய கேள்வியாக மாறியே நீதிமன்றத்துக்குள் நுழைய முடிந்தது.

1906இல் பேட்டர்ஸீயில் அந்நாய்க்குச் சிலை எழுப்பப்பட்டது. 1907இல் மருத்துவ மாணவர்கள் அதற்கெதிராகத் தெருக்களில் கலகம் செய்தனர். 1910இல் மாநகர நிர்வாகமே பொலிஸ் காவலுடன் இரவில் சிலையை அகற்றியது. நாய் உண்மையில் மயக்கத்தில் இருந்ததா என்பதில் இரு தரப்பும் இறுதிவரை உடன்படவில்லை. நமக்கு அதனினும் முக்கியமானது வேறொன்று. அந்த அறையில் நடப்பதை முன்கூட்டியே ஆராய்ந்து, ‘இது தேவைதானா?’ என வினவ அன்று எவரும் அமர்த்தப்பட்டிருக்கவில்லை.

மூன்று அளவுகோல்கள்

அந்த வினாவுக்கு ஓர் ஒழுங்கைக் கொடுத்தவர்கள் விலங்கியலாளர் வில்லியம் ரஸல், நுண்ணுயிரியலாளர் ரெக்ஸ் பர்ச் ஆகியோர். 1959இல் அவர்கள் வெளியிட்ட மனிதாபிமானப் பரிசோதனை நுட்பம் பற்றிய நூல் மூன்று அளவுகோல்களை முன்வைத்தது. முதலாவது மாற்றீடு: உணர்வுள்ள விலங்கின்றியே விடை பெற முடியுமாயின் அவ்வழியை நாடுதல். இரண்டாவது குறைப்பு: தேவையான விடைக்கு எத்தனை விலங்குகள் போதுமோ அதற்கு மேல் ஒன்றையும் பயன்படுத்தாதிருத்தல். மூன்றாவது செம்மையாக்கம்: தவிர்க்க முடியாதவிடத்து வலியையும் அச்சத்தையும் இயன்றவரை தணித்தல். நிர்ப்பந்தத்தால் ஆகுமாக்கப்பட்டது அந்நிர்ப்பந்தத்தின் அளவைத் தாண்டலாகாது எனக் கொள்ளும் பிக்ஹு மரபில் பயின்றோருக்கு இந்நியாயம் எளிதில் விளங்கும். பிரித்தானியாவின் வோக்கிங் ஷாஜஹான் பள்ளிவாசலில் இமாமாகப் பணியாற்றிய பஷீர் அஹ்மத் மஸ்ரி, விலங்குகள் பற்றிய இஸ்லாமிய அக்கறையை விளக்கி 1987இல் எழுதிய நூலில் இத்தகைய பிக்ஹு விதிகளைக் கொண்டே ஆய்வுகூடப் பரிசோதனைகளை மதிப்பிட முற்பட்டார்.

அளவுகோல் கிடைத்துவிட்டது, அளப்பவர் யார் என்பது எஞ்சியிருந்தது. சுவீடன் 1979இல் பரிசோதனைகளை அறநெறிக் குழுக்களின் பரிசீலனைக்கு உட்படுத்தியது. அக்குழுக்களில் ஆய்வாளர்களோடு பொதுமக்களும் அமர்ந்தனர். ஆனால் குழு என்னும் அமைப்பைப் பல்கலைக்கழக வாழ்வின் அன்றாட அங்கமாக்கியது அமெரிக்க அனுபவமாகும்.

அமெரிக்கா: இருபது ஆண்டுகள்

1965இல் பென்சில்வேனியாவில் ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாயான பெப்பர் காணாமற்போய், நாய் வியாபாரிகளின் கைமாறி, நியூயோர்க் மருத்துவமனையொன்றின் பரிசோதனையில் இறந்தது. மறு ஆண்டு தொடக்கத்தில் ‘லைஃப்’ இதழ் வியாபாரிகளின் கொட்டில்களில் எலும்பும் தோலுமாய்க் கிடந்த நாய்களின் படங்களை வெளியிட்டது. 1966 ஆகஸ்டில் ஜனாதிபதி ஜோன்சன் ஆய்வுகூட விலங்கு நலச் சட்டத்தில் ஒப்பமிட்டார். களவையும் கொட்டிலையும் கட்டுப்படுத்திய அச்சட்டம், பரிசோதனை மேசையின் அருகே வந்ததும் நின்றுவிட்டது. பரிசோதனை எவ்வாறு நடத்தப்பட வேண்டும் என்பது ஆய்வாளரின் தனியுரிமையாகவே விடப்பட்டது.

அடுத்த அதிர்ச்சி 1981 செப்டெம்பரில் மேரிலன்டின் சில்வர் ஸ்பிரிங் நகரில் நிகழ்ந்தது. எட்வர்ட் டவுப் என்பவரின் ஆய்வுகூடத்தில் உதவியாளராகச் சேர்ந்த அலெக்ஸ் பச்சேக்கோ, அழுக்கடைந்த கூண்டுகளையும், ஆறாத புண்களோடிருந்த குரங்குகளையும் படம் பிடித்துப் பொலிஸாரிடம் ஒப்படைத்தார். பதினேழு குரங்குகள் கைப்பற்றப்பட்டன. டவுப் முதலில் குற்றவாளியாகக் காணப்பட்டார். எனினும் மத்திய அரசின் நிதியில் நடக்கும் ஆய்வுக்கு மாநிலத்தின் வதைத் தடைச் சட்டம் பொருந்தாதென 1983இல் மேல் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. குரங்குகளின் பாதுகாவலராகத் தம்மை ஏற்குமாறு விலங்கு நல அமைப்புகள் தொடுத்த வழக்கும், அவர்களுக்கு வழக்காடும் தகைமை இல்லை என 1986இல் தள்ளுபடியாயிற்று. வாதியில்லா வழக்கு என்று நாம் தலைப்பிட்டது வெறும் உவமையன்று என்பதற்கு அத்தீர்ப்பு சான்று.

நேர்மையான வரலாறு மற்றொன்றையும் சொல்ல வேண்டும். நரம்புத் தொடர்பு துண்டிக்கப்பட்ட குரங்குகளின் கைகளைக் குறித்து டவுப் நடத்திய ஆய்விலிருந்தே, பக்கவாதத்தால் செயலிழந்த கையை மீளப் பழக்கும் சிகிச்சை முறை பிற்காலத்தில் உருவாயிற்று. ஆய்வின் பயனும் உண்மை. கூண்டின் அவலமும் உண்மை. ஒன்று மற்றதை அழித்துவிடாது. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்து எடைபோட வேண்டும். அந்த எடையைப் பயன்பெறுபவர் கையில் மட்டும் விடலாகாது. குழுவின் தேவையை இந்நிகழ்ச்சியைவிடத் தெளிவாக உணர்த்துவது வேறொன்றில்லை.

1984 மே மாதம் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தின் தலைக்காய ஆய்வுகூடத்துக்குள் இரவில் புகுந்த தீவிர விலங்குரிமையாளர் சிலர் ஏறத்தாழ 60 மணி நேர ஒளிநாடாக்களை எடுத்துச் சென்றனர். பபூன் குரங்குகளின் தலையில் காயம் உண்டாக்கும் அக்காட்சிகளை ஆய்வாளர்களே பதிவுசெய்திருந்தனர். அவர்கள் சிரித்துக் கேலி பேசுவதும் அவற்றில் இருந்தது. புகுந்தவர்களின் செயல் சட்டவிரோதமானது. ஆனால் அவர்கள் வெளிக்கொணர்ந்தது மறுக்க முடியாதது. 1985 ஜூலையில் தேசிய சுகாதார நிறுவனங்களின் அலுவலகத்தில் நடந்த நான்கு நாள் மறியலின் முடிவில் சுகாதாரச் செயலாளர் மார்கரெட் ஹெக்லர் அந்த ஆய்வுக்கான நிதியை நிறுத்தினார்.

அவ்வாண்டு முடிவதற்குள் காங்கிரஸ் இரு சட்டங்களை இயற்றியது. நொவெம்பரில் நிறைவேறியது அரச நிதிபெறும் சுகாதார ஆய்வுகளுக்கானது. டிசெம்பரில் நிறைவேறியது விலங்கு நலச் சட்டத்துக்கான திருத்தம். இரண்டும் ஆய்வு நிறுவனங்களில் விலங்குப் பராமரிப்புக் குழுவைக் கட்டாயமாக்கின. குறைந்தது மூவர் கொண்ட குழுவில் ஒருவர் மிருக வைத்தியராகவும், மற்றொருவர் அந்நிறுவனத்தோடு எவ்விதத் தொடர்பும் அற்றவராகவும், விலங்குகள் சரிவர நடத்தப்படுவதில் சமூகத்துக்குள்ள அக்கறையைப் பிரதிபலிப்பவராகவும் இருக்க வேண்டுமெனத் திருத்தம் விதித்தது. அரச சுகாதார நிதி பெறும் நிறுவனங்களுக்குக் குறைந்தது ஐவர். அவர்களுள் அறிவியலைத் தொழிலாகக் கொள்ளாத ஒருவரும் வேண்டும். நாம் தொடக்கத்தில் எழுப்பிய இரண்டாவது கேள்விக்குச் சட்டம் அளித்த விடை இந்த ‘வெளியார்’ ஆசனமே.

குழு செய்யும் பணி

ஆய்வாளர் ஒரு விலங்கையும் தொடுமுன் எழுத்துமூலத் திட்டத்தைச் சமர்ப்பிக்கிறார். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறார், அதற்கு விலங்கு ஏன் தேவை, ஏன் அந்த இனம், ஏன் அத்தனை எண்ணிக்கை, மாற்று வழிகளை எங்கே தேடிப் பார்த்தார், எம்மயக்கமருந்து, எவ்வலிநீக்கி, எந்தக் கட்டத்தில் துன்பத்தை முடிவுக்குக் கொண்டுவருவார், கருவியைக் கையாள்பவர் பயிற்சி பெற்றவரா என்பனவற்றுக்கு அதில் விடை வேண்டும். குழு அதனை ஏற்கலாம், திருத்தம் கோரலாம், நிராகரிக்கலாம். குறைந்தது ஆறு மாதத்துக்கொருமுறை கூண்டறைகளை நேரிற் சென்று பார்வையிடுவதும், அனுமதித்தவாறு நடைபெறாத ஆய்வை இடைநிறுத்துவதும் அதன் அதிகாரத்தில் அடங்கும். குழு நிராகரித்ததைப் பல்கலைக்கழக நிர்வாகம் அனுமதிக்க முடியாது. முறைப்பாட்டுக்குக் காத்திராமை, நேரிற் சென்று பார்த்தல், தடுத்து நிறுத்தும் அதிகாரம் ஆகிய மூன்றும் முஹ்தஸிபின் பணியை நினைவூட்டுகின்றன.

இந்திய ஏற்பாட்டுக்குத் தமிழகத் தொடர்பு உண்டு. சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவை உறுப்பினராகி, விலங்கு வதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டமியற்றும் என்ற உறுதியின்பேரில் அது மீளப்பெறப்பட்டு, 1960இல் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. நூல்கள், மாதிரிகள், திரைப்படங்கள் போதுமானவிடத்துப் பரிசோதனையைத் தவிர்த்தல், சிறிய விலங்கு போதுமானவிடத்துப் பெரியதைப் பயன்படுத்தாதிருத்தல், கைத்திறன் பெறுவதற்காக மட்டும் பரிசோதனை செய்யாதிருத்தல் என்பவற்றை அது அன்றே வலியுறுத்தியது. மேற்பார்வைக்கான மத்திய குழு 1964இல் அமைந்தபோதும், அது வலுப்பெற்றது 1998இன் விதிகளுக்குப் பின்னரே. அதன்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் இயங்கும் விலங்கு அறநெறிக் குழுவில் அந்நிறுவன அறிவியலாளர், மிருக வைத்தியர் ஆகியோரோடு வெளி நிறுவன அறிவியலாளர் ஒருவரும், அறிவியலாளரல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவரும், மத்திய குழுவின் பிரதிநிதியும் இடம்பெறுகின்றனர்.

ஆசனம் இருந்தும் குரல் உண்டா?

இத்தனை ஏற்பாடுகளும் தம் நோக்கத்தை அடைந்தனவா? 2001இல் ஸ்கொட் புளூஸ், ஹரோல்ட் ஹெர்ஸொக் ஆகிய உளவியலாளர்கள் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட முடிவு கவலைக்குரியது. அமெரிக்காவின் 50 குழுக்களிடமிருந்து 150 ஆய்வுத் திட்டங்களைப் பெற்று, ஒவ்வொன்றையும் யாருடையதெனத் தெரியாதவாறு வேறொரு குழுவின் பரிசீலனைக்கு விட்டனர். இரு குழுக்களின் தீர்ப்புகள் ஒத்துப்போன அளவு, தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய அளவை விஞ்சவில்லை. ஒரே திட்டம் ஓரிடத்தில் ஏற்கப்படுவதும் மற்றோரிடத்தில் குறைகாணப்படுவதும் அமர்ந்திருப்பவர்களைப் பொறுத்ததாயிற்று.

மற்றொரு குறை சட்டத்திலேயே உண்டு. ஆய்வுகூடங்களில் மிகப் பெருந்தொகையாகப் பயன்படுத்தப்படும் எலிகளும் சுண்டெலிகளும், ஆய்வுக்கென வளர்க்கப்பட்டவையாயின், அமெரிக்க விலங்கு நலச் சட்டத்தின் ‘விலங்கு’ என்னும் வரைவிலக்கணத்துக்குள் அடங்கா என 2002இல் காங்கிரஸ் திட்டவட்டமாக விதித்தது. அரச சுகாதார நிதியின் விதிகள் அவற்றைக் காத்தபோதும், அந்நிதி பெறாத இடங்களில் அவை இச்சட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. பூனையொன்றைப் பட்டினி போட்டு அடைத்த பெண்ணின் கதையை ஹதீஸில் படித்து வளர்ந்த சமுதாயத்துக்கு, உயிரின் சிறுமையைக் காரணங்காட்டி அதன் வேதனையைக் கணக்கிலிருந்து நீக்கும் இந்நியாயம் ஏற்புடையதன்று.

எனினும் குழுவை வெறும் சடங்கென ஒதுக்குவது நீதியாகாது. 1903இல் அந்த விரிவுரை மண்டபத்தில் கேட்கப்படாத கேள்வி இன்று எழுத்தில் கேட்கப்படுகிறது; எழுத்தில் விடையும் பெறப்படுகிறது. தேவையற்ற எண்ணிக்கையைக் குறைக்கவும் வலிநீக்கியைக் கூட்டவும் ஆய்வாளர் திட்டத்தைத் திருப்பி எழுத நேர்கிறது. குழுவின் பலவீனம் பெரும்பாலும் அந்த வெளியார் ஆசனத்தில் தங்கியுள்ளது. நிபுணர்களின் கலைச்சொற்களுக்கு நடுவே அமர்ந்திருக்கும் ஒரு தனிமனிதர், விளங்காததை விளங்கவில்லை என்று கூறத் தயங்கி ஒப்பமிட்டுச் சென்றால், கதவு மீண்டும் உள்ளிருந்தே தாழிடப்படுகிறது.

நம் சமுதாயத்தின் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் உலமாக்களும் அமரக்கூடிய ஆசனம் அது. உயிரியலில் பட்டம் அதற்கு வேண்டியதில்லை. ‘இத்தனை ஏன்? இவ்வளவு வலி ஏன்? வேறு வழியில்லையா?’ என்னும் மூன்று கேள்விகளைச் சோர்வின்றிக் கேட்கும் மனஉறுதியே வேண்டும். மருத்துவம் முன்னேற வேண்டும் என்பதில் நமக்கு ஐயமில்லை; இப்னு ஸுஹ்ரின் ஆட்டுக்கு மனித இனம் கடன்பட்டிருக்கிறது. கடன்பட்டவன் தன் கணக்கைத் தானே எழுதித் தானே தீர்த்துக்கொள்ளலாகாது என்பதே ஹிஸ்பாவின் நியாயம். இந்த நூற்றைம்பது ஆண்டுக் கால வரலாற்றின் நியாயமும் அதுவே. வாதி வர முடியாத வழக்கில் விசாரிக்கும் பொறுப்பு கண்டவர்மீது விழுகிறது. அது ஓர் அமானிதம்.